கச்சேரி விமர்சனம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எனக்கு ராகம் பிடிபடாது, ஆனால் கச்சேரி கேட்பேன். மார்கழியில் வரும் விமர்சனங்களில் ‘தோடி விஸ்தாரமாக இருந்தது, தனி ஆவர்த்தனம் களைகட்டியது’ என்பதற்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. பல கச்சேரிகள் யூடியூபிலேயே வந்துவிடுகின்றன. இனி விமர்சனம் எதற்கு? அதுவும் சங்கீதம் தெரியாதவர்களுக்கு?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்கிற மாதிரியான விமர்சனத்தால் பயனில்லை, ஒப்புக்கொள்கிறேன். பாடிய உருப்படிகளின் பட்டியல், பக்கவாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாராட்டு, அவ்வளவுதான்.

ஆனால் தமிழில் இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். தொடர்கதைக்காகப் பத்திரிகையைப் பிரித்தவர் கையோடு அதையும் படித்தார். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரலைச் சென்னை மியூசிக் அகாடமி ஏற்கவில்லை. கல்கி தமிழிசைக்காக வரிந்துகட்டி எழுதினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமே வந்துவிட்டது. விமர்சனம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் போன்றவர்கள் முன்நின்றார்கள். ஆனாலும் எந்த மொழியில் பாடுவது என்பது வித்வான்களுக்குள் பேசி முடிக்கிற விஷயமாக இல்லாமல் திண்ணைப் பேச்சானதில் பத்திரிகை எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கீதம் தெரியாதவர்களுக்கு எதற்கு என்று கேட்டீர்களே, அவர்களும் படித்ததால்தான் அது நடந்தது.

சரி, யூடியூபுக்கு வருவோம். அதில் பாட்டு கிடைக்கிறது, காதுக்குத் துணை கிடைப்பதில்லை. நீங்கள் சொன்ன தோடி ராகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம், அதாவது ‘க’ என்ற சுரம், ஓரிடத்தில் அசையாமல் நிற்காது. முன்னால் உள்ள ரிஷபத்துக்கும் (‘ரி’) பின்னால் உள்ள மத்யமத்துக்கும் (‘ம’) இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவில்தான் தோடி இருக்கிறது. ஒரு பாடகர் அங்கே நிதானித்தாரா, அவசரப்பட்டுத் தாண்டிப் போனாரா, வயலின் அந்த அசைவைப் பிடித்ததா என்று ஒருவர் நல்ல தமிழில் எழுதினால், சுரத்தின் பெயரே தெரியாத உங்களுக்கும் அடுத்த முறை அந்த இடம் காதில் விழும். ‘விஸ்தாரமாக இருந்தது’ என்று எழுதியவர் அந்த ஒரு வேலையைத்தான் செய்யவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சீசனில் ஒரே நாளில் இரண்டு மூன்று சபாக்கள், கிடைப்பதோ சின்னப் பத்தி. அப்புறம், கண்டித்து எழுதினால் கோபம் வரும் என்ற தயக்கம். விமர்சகர் சுப்புடுவைப் பற்றிப் பேசும்போது அவருடைய குத்தலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் ஹார்மோனியம் வாசித்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஸ்வரம் அறிந்த ஒரு காது இருந்தது.

எழுதுகிறவருக்கு அந்தக் காது வேண்டும். படிக்கிற உங்களுக்கு ராகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தோடியில் இரண்டு பேர் பாடியதை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கே வேறுபட்டது என்று தோன்றுகிறதோ, அதை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.