குழந்தைக்கு வயித்தால போகுது, உடம்புல தண்ணி குறைஞ்சிருச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 9 மாசம், 8 கிலோ இருக்கான். நேத்துல இருந்து தண்ணி தண்ணியா ஏழெட்டு தடவ போயிட்டான், வாந்தியும் இருக்கு. பால் குடிக்கிறான், ஆனா கொஞ்சம் டல்லா இருக்கான். பல்லு முளைக்குது அதான் போகுது, தானா நின்னுரும்னு மாமியார் சொல்றாங்க. எப்போ ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போகணும்?

பதில்: டல்லா இருக்கான்னு எழுதியிருக்கீங்களேம்மா, அது ஒண்ணு போதும், இன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்டயோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ காட்டிருங்க. பல்லு முளைக்கிறதால இப்படி தண்ணியா போகாது. இந்த வயசுல தவழ ஆரம்பிச்சு கைல கெடச்சதெல்லாம் வாயில வைக்குறாங்க, கிருமி அப்படித்தான் உள்ள போகுது, பல்லும் அதே சமயத்துல வர்றதால பழி அது மேல விழுது.

எத்தன தடவ போனான்னு எண்ணுறத விட எத்தன தடவ ஒண்ணுக்கு போனான்னு பாருங்க. நல்லா இருக்குற குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவயாவது போகும், ஆறு மணி நேரமா சொட்டுகூட போகலன்னா காத்திருக்கக் கூடாது. ஆனா டயப்பர் போட்டா இது தெரியவே தெரியாது, தண்ணியா போறதும் ஒண்ணுக்கும் ஒண்ணா கலந்து கனமா இருக்கும், நாமளும் ஒண்ணுக்கு போயிட்டான்னு நினைச்சுக்குவோம். வயித்தால போற ரெண்டு நாளும் டயப்பர கழட்டிட்டு பழைய காட்டன் துணி கட்டுங்க, துவைக்கிறது கஷ்டம்தான், ஆனா கண்ணுக்கு தெரியும்.

அடுத்து உச்சிக்குழி. அழாம இருக்கும்போது நிமிர்த்தி உக்கார வச்சு பாருங்க, நல்லா உள்ள போயிருந்தா தண்ணி குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு உச்சியில எண்ணெய் வைக்குறது, உரம் எடுக்குறேன்னு போட்டு உலுக்குறதெல்லாம் தயவு செஞ்சு வேண்டாம், அந்த நேரத்துல நாலு ஸ்பூன் ஓஆர்எஸ் (பாக்கெட்ல வர்ற உப்பு சர்க்கரை கரைசல்) உள்ள போயிருக்கும். கண்ணு குழி விழுந்திருக்கா, அழுதா கண்ணீர் வருதா, நாக்கு காஞ்சிருக்கா பாருங்க. தொப்புளுக்குப் பக்கத்துல வயித்துத் தோல கிள்ளி விட்டா உடனே படியணும், ரெண்டு செகண்டுக்கு மேல மடிப்பு நின்னா ரொம்ப சீரியஸ். கொழுகொழு குழந்தைங்களுக்கு இது சரியா தெரியாது, அதனால இத மட்டும் நம்பாதீங்க.

தண்ணி குறைய ஆரம்பிச்ச குழந்தை சிடுசிடுன்னு அழும், டம்ளர பாத்தா தாவி தாவி குடிக்கும். இன்னும் குறைஞ்சா அமைதியாயிரும். அழுகைய நிறுத்திட்டான், தூங்குறான்னு வீட்ல நிம்மதியா இருப்பாங்க, எனக்கு பயமே அந்த தூக்கம்தான், எழுப்புனா எழலன்னாலோ குடிக்க முடியலன்னாலோ உடனே 108க்கு போன் பண்ணுங்க. மலத்துல ரத்தம், பச்சையா வாந்தி, குடிக்கிறதெல்லாம் வாந்தியா வர்றது, இதுக்கும் உடனே போகணும். ரெண்டு மாசத்துக்கும் கீழ உள்ள குழந்தைன்னா எந்த அடையாளத்துக்கும் காத்திருக்காதீங்க.

டாக்டர பாக்குற வரைக்கும் ஓஆர்எஸ் குடுத்துட்டே இருங்க. பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணில ஒரே தடவயா கலக்கணும், சின்ன பாக்கெட்ல 200 மில்லின்னு போட்டிருந்தா அந்த அளவு. ஒரு டம்ளர்ல கொஞ்சம் பவுடர் தட்டி கலக்குறது ரொம்ப ஆபத்து, உப்பு அதிகமாகி ரத்தத்துல சோடியம் ஏறி ஃபிட்ஸ் வரைக்கும் கொண்டு போயிரும். கலந்தது 24 மணி நேரம்தான். ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் 50ல இருந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு திரும்ப ஆரம்பிங்க. தண்ணி குறைஞ்ச அடையாளம் தெரிஞ்சா கிலோவுக்கு 75 மில்லி, உங்க பையனுக்கு 600 மில்லி, நாலு மணி நேரத்துல போகணும், அத டாக்டர் பாக்குற இடத்துல வச்சே குடுக்குறது நல்லது.

டிரிப்ஸ் போட்டாத்தான் சரியாகும், ஓஆர்எஸ் வெறும் உப்புத் தண்ணின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல காலரா பரவுனப்போ டிரிப்ஸ் தீர்ந்து போய் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரை கரைசலத்தான் குடுத்தாரு, 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ இறங்குச்சு. ஆனா மெடிக்கல்ல டெட்ரா பேக்ல பழ வாசனையோட விக்குற இனிப்பு ஜூஸ் ஓஆர்எஸ் கிடையாது, அதுல சர்க்கரை அதிகம், இன்னும் தண்ணியா போகும். பாக்கெட்ல டபிள்யூஹெச்ஓ ஃபார்முலான்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

தாய்ப்பால நிறுத்தவே நிறுத்தாதீங்க, வழக்கத்த விட அடிக்கடி குடுங்க, கஞ்சி, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். பெரியவங்களுக்கு போறத நிறுத்த குடுக்குற மாத்திரைய பாதியா உடைச்சு குடுக்காதீங்க, குடல் அசைவே நின்னு போய் உயிருக்கு ஆபத்தாகும். ஜிங்க் மருந்து இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், போறது நின்னுட்டாலும் 14 நாள் முழுசா குடுக்கணும். டாக்டர்கிட்ட போகும்போது தடுப்பூசி அட்டைய மறக்காம எடுத்துட்டு போங்க, அதுல போன தடவ எடுத்த எடை இருக்கும், இன்னிக்கு எடைய அதோட ஒப்பிட்டா எவ்வளவு தண்ணி போயிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிரும்.