என்டர் தட்டினால் யோசிக்கும் டெர்மினல்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். விண்டோஸ் மடிக்கணினியில் டபிள்யுஎஸ்எல்2 வழியாக லினக்ஸ். கிட் ரெப்போ (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கோப்புறை) சி டிரைவில் இருக்கிறது. சீனியர் கொடுத்த ஸ்கிரிப்ட் ஒன்று, கிளையின் பெயர், மாறிய கோப்புகள், புதிய கோப்புகள், சர்வரைவிட எத்தனை கமிட் (பதிவுசெய்த மாற்றம்) முன்னே பின்னே என்று எல்லாவற்றையும், டெர்மினலில் கட்டளை தட்டும் இடமான பிராம்ப்ட்டில் காட்டுகிறது. ஆனால் வெறும் என்டர் தட்டினாலும் இரண்டு விநாடி நிற்கிறது. எங்கள் தெருவில் இணையம் மந்தம் என்பதாலா? வேலூருக்குப் போய்ப் புது மடிக்கணினி வாங்கிவிடலாமா? ஸ்கிரிப்ட்டை இணைத்திருக்கிறேன்.

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

வேலூரில் வேறு வேலை இருந்தால் போய்வாருங்கள், இதற்காகப் போகாதீர்கள். இணையத்தின் மேலும் பழி இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு என்டர் தட்டிப் பாருங்கள், அதே இரண்டு விநாடி நிற்கும். முன்னே பின்னே கணக்குக்காக கிட் சர்வரிடம் போவதே இல்லை. கடைசியாக நீங்கள் ஃபெட்ச் செய்தபோது சர்வரிலிருந்து வந்ததை வைத்துத்தான் சொல்கிறது. அந்த எண்ணை அளவுக்கு மேல் நம்பாதீர்கள்.

என் முதல் சந்தேகம் சி டிரைவ். என்னென்ன மாறியது என்று சொல்லும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை ஓடும்போது, தன் கணக்கில் உள்ள ஒவ்வொரு கோப்பின் அளவையும் மாறிய நேரத்தையும் கிட் இயங்குதளத்திடம் கேட்டு, இன்டெக்ஸ் என்ற தன் பட்டியலில் எழுதிவைத்ததோடு ஒப்பிடுகிறது. லினக்ஸின் சொந்த டிஸ்கில் இது சல்லிசான வேலை. டபிள்யுஎஸ்எல்2 வழியாக சி டிரைவைத் தொட்டால் ஒவ்வொரு கேள்வியும் விண்டோஸ் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். பத்தாயிரம் கோப்பு இருந்தால் பத்தாயிரம் நடை. ரெப்போவை லினக்ஸ் ஹோம் கோப்புறைக்குள் சர்வரிலிருந்து புதிதாக குளோன் (நகல்) செய்யுங்கள். அதற்கு முன் புஷ் செய்யாத கிளைகளை சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்; கமிட் செய்யாமல் ஸ்டாஷில் ஒதுக்கிப் போட்டுவைத்திருப்பது குளோனில் வராது.

அடுத்து உங்கள் சீனியரின் ஸ்கிரிப்ட். கிளைக்கு ஒருமுறை, மாற்றத்துக்கு ஒருமுறை, புதிய கோப்புக்கு ஒருமுறை என்று கிட்டைத் தனித்தனியே கூப்பிடுகிறது. காட்பாடி ஜங்ஷன் விசாரணைக் கவுன்ட்டரில் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, எந்த நடைமேடை என்று கேட்பது போல. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புது பிராசஸ். ஸ்டேட்டஸுடன் போர்சலின் வி2, பிராஞ்ச் என்ற இரண்டு ஆப்ஷன்களைக் கொடுத்தால் உங்களுக்கு வேண்டிய நான்கும் ஒரே அழைப்பில் வந்துவிடும். வருகிற வரிகளை, ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிற ஷெல்லே பிரித்துக்கொள்ளட்டும். அதற்கும் கிரெப், ஆக், கட் என்று வெளி நிரல்களை ஆள் கூப்பிட்டால் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

புதிய கோப்புகளைத் தேடத்தான் கோப்புறை கோப்புறையாக நுழைய வேண்டியிருக்கிறது. அது பிராம்ப்ட்டில் தேவையில்லை என்பது என் கட்சி. கமிட் செய்யும்முன் பார்த்தால் போதும். விட மனமில்லையென்றால் கிட் அமைப்புகளில் கோர் பிரிவில் உள்ள அன்டிராக்ட் கேஷ் அமைப்பை இயக்குங்கள்.

பிராம்ப்ட்டை உடனே காட்டிவிட்டு விவரத்தைப் பின்னணியில் திரட்டும் வழியும் உண்டு. இவ்வளவும் செய்த பிறகு தேவைப்பட்டால் அதற்குப் போங்கள். பின்னணி ஸ்டேட்டஸ் இன்டெக்ஸைப் பூட்டியிருக்கும் கணத்தில் நீங்கள் கமிட் அடித்தால் கிட் மறுத்துவிடும். 2017-இல் வந்த கிட் 2.15 முதல் நோ ஆப்ஷனல் லாக்ஸ் என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டில் அதைச் சேர்த்துவிட்டால் இந்த மோதல் வராது.