அந்த இரண்டு நிமிடம் எங்கே போனது? ஸ்டார் ட்ரெக் கேசட்டும் டிவிடியும் ப்ளூ-ரேயும்

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறேன். போன வருடம் காலமான என் சித்தப்பா, 1960-களின் பழைய ஸ்டார் ட்ரெக் தொடர் மீது உயிராக இருந்தவர். அவர் விட்டுப்போன இரண்டு அட்டைப்பெட்டிகளில் கடையில் வாங்கிய வி.எச்.எஸ். கேசட்டுகள், டிவியிலிருந்து அவரே பதிந்த கேசட்டுகள், மஞ்சள், நீலம், சிவப்பு பிளாஸ்டிக் உறைகளில் 2004-இல் வந்த டிவிடிகள் எல்லாம் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் என் மச்சானும் அதே டிவிடி தொகுப்பை அங்கே வாங்கியிருக்கிறான். ஒரே அத்தியாயம் என்னிடம் ஐம்பது நிமிடம் ஓடுகிறது, அவனிடம் நாற்பத்தெட்டுதான். அவனுடையதில் வெட்டியிருக்கிறார்கள் என்கிறேன் நான். அவன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். எது முழுமையானது? ப்ளூ-ரே வாங்கிவிட்டால் மற்றதையெல்லாம் தூக்கிப் போடலாமா? வீட்டில் கராஜைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் உங்களுக்கும் மச்சானுக்கும் நடக்கும் வழக்கை முடித்துவிடலாம். இரண்டு பேரிடமும் இருப்பது முழு அத்தியாயம்தான். யாரும் எதையும் வெட்டவில்லை. அவருடையது கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தொடர் 35 மி.மீ. ஃபிலிமில், நொடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) வேகத்தில் எடுக்கப்பட்டது. வட அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில் ஃபிலிமை வீடியோவாக மாற்றும்போது, சில பிரேம்களை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். அதில் வேகம் கிட்டத்தட்ட மாறாது. துல்லியமாகச் சொன்னால் நொடிக்கு 23.976 பிரேம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கிய பேல் முறைக்கு நொடிக்கு 25 பிரேம் வேண்டும். 24-க்கும் 25-க்கும் அதிக தூரம் இல்லை என்பதால், அங்கே ஃபிலிமை அப்படியே 25-இல் ஓட்டிவிடுவது வழக்கம். ஏறக்குறைய நான்கு சதவீதம் வேகம் கூடுகிறது. உங்கள் வட்டில் 50 நிமிடம் 24 வினாடி ஓடும் அத்தியாயம் அவரிடம் 48 நிமிடம் 20 வினாடியில் முடிந்துவிடும்.

நான் சொல்வதை நம்பவேண்டிய கட்டாயமில்லை, நீங்களே சோதிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோ காலில் உட்காருங்கள். உங்கள் வட்டில் பத்தாவது நிமிடத்தில் வரும் ஒரு வசனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வட்டில் அது சுமார் 25 வினாடி முன்னதாக வரும். இருபதாவது நிமிடத்தில் வித்தியாசம் 49 வினாடி, முப்பதில் 74, நாற்பதில் 98. இப்படிச் சீராக ஏறிக்கொண்டே போனால் அது வேகம். எங்காவது ஓர் இடத்தில் திடுமென்று பதினைந்து, இருபது வினாடி குதித்தால் அங்கேதான் கத்தரி விழுந்திருக்கிறது. எந்தப் பழைய தொடரின் எந்த இரண்டு வெளியீட்டுக்கும் இந்தச் சோதனை போதும். உறையில் அச்சிட்ட நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். வட்டைப் போட்டு நான்கு இடத்தில் நேரம் பார்த்தாலே விஷயம் முடிந்துவிடும்.

காதிலும் இது தெரியும். வேகம் கூடும்போது சுருதியும் ஏறும். நம் கணக்கில் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. சில பேல் வெளியீடுகளில் சுருதியைத் திருத்திவிடுவார்கள், எல்லாவற்றிலும் இல்லை. சித்தப்பாவின் கேசட்டில் கேட்டுப் பழகியவர் லண்டன் வட்டைக் கேட்டால், தொடரில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் குரல் கொஞ்சம் இளசாக இருக்கிறதே என்று நினைப்பார்.

அப்புறம், வெட்டு என்பது கட்டுக்கதையும் இல்லை. 1969-இல் தொடர் நின்ற பிறகு அது உள்ளூர் நிலையங்களில் மறுஒளிபரப்பாகத்தான் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது. கூடுதல் விளம்பரம் நுழைப்பதற்காக அந்த ஒளிபரப்புகளில் அத்தியாயத்துக்குச் சில நிமிடங்கள் நறுக்கப்பட்டன. 1985-இலிருந்து பாரமவுண்ட் ஸ்டுடியோ அத்தியாயத்துக்கு ஒரு கேசட்டாக விற்கத் தொடங்கியபோது ரசிகர்கள் ஓடிப்போய் வாங்கியதற்குக் காரணம் இதுதான். பல வருடமாகப் பார்க்காத துண்டுகள் அவற்றில் இருந்தன. மச்சான் ஊரில் கதை இன்னும் மோசம். மூன்று அத்தியாயங்களை பிபிசி 1990-கள் வரை காட்டவே இல்லை. 'மிரி' என்ற நான்காவதை 1970-இல் ஒருமுறை காட்டிவிட்டு நிறுத்திவைத்தது. சித்திரவதை, நோய், மனப்பிறழ்வு இதெல்லாம் பிள்ளைகள் பார்க்கும் நேரத்துக்கு ஒவ்வாது என்று முடிவு செய்திருந்தார்கள். அங்கே பலர் அவற்றை முதலில் பார்த்தது கேசட்டில்தான்.

சரி, எதை வைத்துக்கொள்வது? ஒரு வெளியீட்டை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, இந்தப் படம் எந்த ஃபிலிமிலிருந்து எடுக்கப்பட்டது, இடையில் எத்தனை கை மாறியது என்பதுதான். கேசட்டா வட்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் பெட்டியில் 'தி கேஜ்' என்ற கேசட் இருக்கிறதா பாருங்கள். 1964, 65-இல் எடுக்கப்பட்டு தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்த முதல் மாதிரிப் படம் அது. 1966-இல் தயாரிப்பாளர்கள் அதன் கலர் நெகடிவை வெட்டி, 'தி மெனாஜரி' என்ற இரண்டு பாகக் கதைக்குள் வைத்துவிட்டார்கள். முழுதாக மிஞ்சியது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் இருந்த 16 மி.மீ. கறுப்பு-வெள்ளைப் பிரதி ஒன்றுதான். 1986-இல் வந்த கேசட்டில், 'மெனாஜரி'யில் பயன்பட்ட காட்சிகள் கலரிலும் மற்றவை கறுப்பு-வெள்ளையிலும் வரும். ஒரே உரையாடலுக்கு நடுவில் கலர் வடிந்துபோய்த் திரும்ப வரும். கலரில் வருவது மறுபடி பயன்படுத்தியது, கறுப்பு-வெள்ளையில் வருவது ஒதுக்கியது. எங்கே கத்தரி வைத்தார்கள் என்பதை இப்படிக் கண்ணால் பார்க்க முடிகிற படம் வேறு எனக்குத் தெரியாது. அப்புறம் வெட்டிப்போட்ட கலர்த் துண்டுகள் ஒரு ஃபிலிம் லேபில் கிடைத்து, 1988-இல் முழுக் கலர்ப் படம் ஒளிபரப்பானது. இரண்டு வடிவமுமே பின்னால் டிவிடியிலும் வந்துவிட்டன. ஆகவே அந்தக் கேசட் இல்லாமல் போனால் படம் தொலையாது. ஆனாலும் நான் அதை வெளியே போட மாட்டேன்.

1999-க்கும் 2001-க்கும் நடுவில் டிவிடியில், வட்டுக்கு இரண்டு அத்தியாயமாக 40 தனி வட்டுகள் வந்தன. அப்புறம்தான் உங்களிடம் இருக்கும் மூன்று வண்ணத் தொகுப்பு. 79 அத்தியாயமும் பழைய சிறப்புக் காட்சிகளோடு (விண்கலம், கோள் போன்ற தந்திரக் காட்சிகள்) அதில் இருக்கின்றன. பார்ப்பதற்கு நல்ல வெளியீடு அது. ஒலியை மட்டும் 5.1-ஆக, அதாவது சுற்றிலும் பல ஒலிபெருக்கிகளில் வரும்படி, புதிதாகக் கலந்திருப்பார்கள்.

பெரிய மாற்றம் 2006-இல் வந்தது. சிபிஎஸ் நிறுவனம் அசல் 35 மி.மீ. நெகடிவை உயர்தரத்தில் ஸ்கேன் செய்து, விண்கலம், கோள்கள், ஆயுதக் கதிர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் புதிதாகச் செய்தது. தொடக்க இசையைக்கூடப் புதிதாகப் பதிந்தார்கள். இங்கேதான் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 2007-இல் முதல் பருவம் ஒரு பக்கம் எச்.டி. டிவிடி (ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த வட்டு முறை), மறுபக்கம் டிவிடி என்று ஒட்டிய வட்டாக வந்தது. சில மாதத்திலேயே, 2008 பிப்ரவரியில், டோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பக்கத்தை ப்ளூ-ரே கருவி படிக்காது. மற்ற இரண்டு பருவமும் 2008-இல் டிவிடியாக வந்தன. மூன்றிலுமே புதிய கிராபிக்ஸ் மட்டும்தான், பழையது கிடையாது. பழைய பொருள் கடையில் மூன்று டாலருக்குக் கிடைக்கிறதே என்று 'ரீமாஸ்டர்டு' என்று போட்ட இந்தப் புதிய டிவிடியை வாங்கி, உங்கள் 2004 தொகுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அசல் சிறப்புக் காட்சிகள் கையைவிட்டுப் போய்விடும்.

2009-இல் வந்த ப்ளூ-ரேயில் இந்தக் குறை இல்லை. பழைய காட்சி, புதிய காட்சி இரண்டும் ஒரே வட்டில் இருக்கின்றன. பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியும் இருக்கிறது. வாங்கினால் இதைத்தான் வாங்கவேண்டும். வந்ததும் இரண்டாம் பருவத்தில் 'தி டூம்ஸ்டே மெஷின்' போட்டுப் பாருங்கள். அதில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கலம், 1967-இல் கடையில் விற்ற ஏ.எம்.டி. பிளாஸ்டிக் பொம்மைக் கிட்டைக் கருக்கிச் செய்தது. பழைய காட்சியில் அந்த மேல்தட்டு பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியதை நன்றாகவே பார்க்கலாம். புதிய காட்சியில் உடைந்த தளங்களும் உள்ளே தெரியும் விட்டங்களும் கணக்காக இருக்கும். ஆனால் மெழுகுவர்த்தியோ எதையோ வைத்து அதைக் கருக்கிய மனிதரின் கைவேலை அதில் இல்லை. முதல் தடவை பழையதைப் பாருங்கள், அப்புறம் புதியதைப் பாருங்கள்.

ப்ளூ-ரேயில் பழைய காட்சியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். கேப்டனின் முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், அடுத்து விண்கலம் வந்தவுடன் படம் புழுதி படிந்து பொரிபொரியாகும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் இடத்திலும் அப்படித்தான்: கரையத் தொடங்குவதற்குச் சற்று முன்பே படம் மங்கி, முடிந்ததும் பளிச்சென்று திரும்பும். வட்டில் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. கோளாறு இல்லை. கலம், நட்சத்திரம், கோள் இவற்றைத் தனித்தனியாக எடுத்து, ஃபிலிமை மறுபடி மறுபடி ஃபிலிமில் படியெடுத்துத்தான் அன்று ஒன்றுசேர்த்தார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தூசும் பொரியும் கூடும். கேசட்டில் எல்லாமே மங்கல் என்பதால் இந்த வித்தியாசம் ஒளிந்துகொண்டிருந்தது.

ரசிகர்கள் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் படங்களைப் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. என்.டி.எஸ்.சி. டிவிடியின் படம் 720-க்கு 480 புள்ளி, பேலில் 720-க்கு 576. இரண்டையும் டிவி 4-க்கு 3 என்ற வடிவத்துக்குத் திருத்தித்தான் காட்டும். திருத்தாமல் எடுத்து ஒட்டினால் ஒன்றில் முகம் பருக்கும், மற்றதில் ஒடுங்கும். உடனே மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள் என்று சத்தம் கிளம்பும். வண்ணத்திலும் அவசரப்பட வேண்டாம். கேப்டன் கிர்க்கின் சட்டை மஞ்சளா பச்சையா என்பது நாற்பது வருடச் சண்டை. அந்த வெல்வெட் போன்ற துணி நேரில் பச்சை கலந்த நிறம். ஸ்டுடியோ வெளிச்சத்திலும் ஃபிலிமிலும் தங்க நிறமாக விழுந்தது. எந்த வெளியீடு சட்டையைப் பச்சையாகக் காட்டுகிறதோ அதுதான் சரி என்று வாதாடினால், அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் கண்ட நிறத்தைத் தவறு என்று சொல்கிறோம் என்று ஆகிவிடும்.

இனி கராஜ். கடையில் வாங்கிய கேசட்டுகளைத் தாராளமாக யாருக்காவது கொடுக்கலாம். அவை ஆயிரக்கணக்கில் அச்சானவை, அவற்றில் இருப்பதைவிட நல்ல படம் ப்ளூ-ரேயில் இருக்கிறது. 2004 டிவிடியை ப்ளூ-ரே கைக்கு வந்து, எல்லா வட்டும் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள். ஆனால் சித்தப்பா தன் கையால் பதிந்த கேசட்டுகளைத் தொடாதீர்கள். படத்தரத்தில் இவைதான் கடைசி. இரண்டு மணி நேர கேசட்டில் ஆறு மணி நேரம் திணிக்கும் மெதுவான வேகத்தில் பதிந்திருப்பார், அத்தியாயங்களும் நறுக்கியவைதான். ஆனால் இடையில் வரும் டொரண்டோ விளம்பரங்கள், நிலையத்தின் அறிவிப்பு, அடுத்த நிகழ்ச்சி என்னவென்று சொல்லும் குரல், பாதியில் ரெக்கார்டை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய இடம் இதெல்லாம் உலகில் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம். எந்த நிறுவனமும் இவற்றை மறுபடி வெளியிடப்போவதில்லை.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படி ஒரு கேசட்டை நான் ஒருமுறை கவனிக்காமல் ஓட்டினேன். கருவியில் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டது, அதற்கு அடுத்து போட்ட சுத்தமான கேசட்டிலும் பொடி ஏறிவிட்டது. அது ஒரு குடும்பத்தின் கல்யாண கேசட். இன்னும் மனசு ஆறவில்லை. பூஞ்சை இருப்பதைத் தனியாக உறைபோட்டு, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றதை முழுக்க ஒருமுறை முன்னாலும் பின்னாலும் சுற்றிவிட்டு, எந்த வேகத்தில் பதிந்ததோ அந்த வேகத்தை நன்றாக ஓட்டும் கருவியில் போட்டுக் கணினியில் ஏற்றுங்கள். விளம்பரங்களை வெட்டச் சொல்லி டிஜிட்டைஸ் செய்பவர் கேட்பார். வேண்டாம், முதல் நொடியிலிருந்து கடைசி வரை அப்படியே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேசட்டின் முதுகில் சித்தப்பா எழுதிய சீட்டையும் ஒரு போட்டோ எடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.