கேள்வி பதில்: பெயர் தேடலுக்கு எத்தனை த்ரெட்?

கேள்வி: எங்கள் நோட் ஜேஎஸ் சர்வர் பல வெளித்தளங்களை அழைக்கிறது. டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் அமைப்பு) மந்தமானால் எல்லாமே தேங்குகிறது, சிபியு மட்டும் சும்மா கிடக்கிறது. இந்தத் தேடலைச் செய்யும் த்ரெட்களை (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகளை) 128 ஆக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நோட் பயன்படுத்தும் லிப்யூவி நூலகத்தில் இயல்பாக 4 த்ரெட்கள்தான். பெயர் தேடல் 'மெதுவான வேலை' என்பதால் அதற்குப் பாதிக்கு மேல் கிடைக்காது. கோப்பு வாசிப்பு பட்டினி கிடக்கக் கூடாதே! ஆக, ஒரே நேரத்தில் 2 தேடல்கள். மூன்றாவது தேடல் காத்திருக்கும்.

லினக்ஸில் ஒரே நேம்சர்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் சர்வர்) இருந்து அதுவும் பதில் தராவிட்டால், 5 விநாடி வீதம் 2 முயற்சி: ஒரு த்ரெட் 10 விநாடி முடங்கும். 128 வைத்தால் அப்படி 64 த்ரெட்கள் முடங்கும், அவ்வளவுதான். முதலில் ரிசால்வ்.கான்ஃப் என்ற டிஎன்எஸ் அமைப்புக் கோப்பில் காத்திருப்பை 1 விநாடியாக்குங்கள். சர்வரிலேயே டிஎன்எஸ் கேஷ் (கிடைத்த பதில்களைச் சேமித்து வைப்பது) வையுங்கள். கீப்-அலைவ் (இணைப்பை மூடாமல் மீண்டும் பயன்படுத்துவது) இருந்தால் பல தேடல்கள் தேவையே இல்லை.

பிறகும் தேங்கினால் 16 த்ரெட்கள் போதும். த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை (UV_THREADPOOL_SIZE) நிரல் தொடங்குமுன்பே அமைக்க வேண்டும். த்ரெட்கள் உருவான பின் மாற்றிப் பயனில்லை. நோடின் டிஎன்எஸ்.ரிசால்வ் என்ற இன்னொரு தேடல் செயற்கூறு இந்த த்ரெட்களைத் தொடாது; ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (கணினியிலேயே பெயர்-முகவரி எழுதி வைக்கும் கோப்பு) பார்க்காது.