கெய்கோ ஏன் மறுபடி படியேறினாள்?

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மிக்கியோ நருசேயின் ‘ஒரு பெண் படியேறும்போது’ (1960) என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்தேன். தோக்கியோவின் கின்ஸாவில் இன்னொருவரின் மதுக்கூடத்தை நடத்தும் கெய்கோ, இவ்வளவு பட்ட பிறகும் கடைசியில் சிரித்தபடி மதுக்கூடத்துக்குப் போகும் அதே படியில் ஏறுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் ஏன் வேறு வழி தேடவில்லை? நான் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறேன். இரவு வேலை முடிந்து வந்தாலே அயலில் கதைக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி, நிலாவெளி

அன்புள்ள தங்கச்சி,

வேறு வழி தேடவில்லை என்கிறீர்கள். படம் முழுக்க அவள் அதைத்தானே தேடுகிறாள்! சொந்தமாகக் கடை போட ஆள் ஆளாகப் போய்க் காசு கேட்கிறாள். தொழிற்சாலை முதலாளி என்று சொல்லிக் கலியாணம் பேசிய செகினேயை நம்புகிறாள். அவருடைய வீட்டைத் தேடிப்போனால் அங்கே மனைவி நிற்கிறாள், பிள்ளைகள் மூன்று சில்லுச் சைக்கிளில் சுற்றுகிறார்கள். மனைவிக்கு இது புதிதில்லை. கெய்கோவுக்குத் திட்டுக்கூட விழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுடைய செலவையும் கூட்டிப் பாருங்கள். புருஷன் இல்லை. தமையனுக்கு வக்கீல் காசு, அவர் மகனின் காலுக்குச் சத்திரசிகிச்சை. கிமோனோவும் வாசனைத் தைலமும் நல்ல வீட்டு வாடகையும் ஆடம்பரமில்லை, அவை இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள். முன்பு அவளிடம் வேலை செய்து, பிறகு தனிக்கடை போட்ட யூரி கடன்காரரைத் தள்ளிவைக்கத் தற்கொலை நாடகம் ஆடப்போய் உண்மையாகவே செத்துப்போகிறாள். செத்தவீட்டிலேயே தாயிடம் கடனைக் கேட்கிறார்கள். உவர்மலையில் எங்கள் வீட்டில் இதைப் பார்த்தபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கிழமைக் கடன் எடுத்த பெண்களின் வாசலில், காசு வரும்வரை எழும்பாமல் குந்தியிருந்தவர்களை அவர் கண்டவர்.

உங்கள் அயலவர் கதைக்கட்டும். உங்கள் கரண்ட் பில்லை அவர்கள் கட்டப்போவதில்லை.

அந்தக் கடைசிச் சிரிப்பை வெற்றி என்று நான் சொல்லவில்லை. கெய்கோவாக நடிக்கும் ஹிதெகோ தகமினேயின் முகத்தில் அது பட்டென்று வந்து ஒட்டிக்கொள்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஆனால் அதற்கு முந்திய ரயில் நிலையக் காட்சியை இன்னொருதரம் பாருங்கள். தன்னோடு ஓர் இரவு தங்கிவிட்டு ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போகும் வங்கி அதிகாரி கொடுத்த பங்குப் பத்திரங்களை, அவருடைய மனைவியின் முன்னாலேயே திருப்பிக் கொடுக்கிறாள். வைத்திருந்தால் கொஞ்சக் காலம் ஓடியிருக்கும். கொடுத்துவிட்டு வந்துதான் படியேறுகிறாள்.