பாட்டி கத்தினால் பந்து வெளியே

அன்புள்ள அக்கா,

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். வீட்டுக்குப் பின்னால் பத்து பெனால்டி அடித்தால் எட்டு உள்ளே போகிறது. சனிக்கிழமை மேட்ச்சில் நாங்கள் போய் நின்றால் ஒன்றுகூடப் போவதில்லை. என் அம்மா வேறு கோட்டோரம் நின்று "பார்த்து அடி கண்ணா" என்று கத்துவார். கூட்டம் இருந்தால் ஆட்டக்காரனுக்கு வேகம் வரும் என்கிறார்களே, இவனுக்கு மட்டும் ஏன் இப்படி? நாங்கள் போகாமல் இருந்துவிடலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கைதட்டினால் ஆட்டம் வரும் என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். காரணம் என் அப்பா. நிறவெறிக் காலத்தில் டர்பன் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் நம் இந்தியர்களுக்குத் தனி இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு அணிக்குத்தான் கைதட்டுவார்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிய அணியை நம்ம அணி என்று எந்த வாயால் சொல்வது? 1970 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்காக அப்பா தொண்டை கட்டும்வரை கத்தினாராம். தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக் 274 ரன், பாரி ரிச்சர்ட்ஸ் 140. ஆஸ்திரேலியாவுக்கு இன்னிங்ஸ் தோல்வி. "நாங்கள் கத்தக் கத்த அவன் அடித்தான்" என்பார்.

அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் எழுதியது இதுதான்: பார்க்க ஆள் இருந்தால் உடம்பு உசுப்பப்படும், அப்போது எது கைப்பழக்கமோ அதுதான் முந்திக்கொண்டு வரும். பழகியவனுக்குச் சரியான அடி வரும், பழகாதவனுக்குத் தப்பு வரும். 1982இல் அமெரிக்காவில் பூல், அதாவது மேசைமேல் கோலால் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம், ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நாலு பேரைச் சும்மா நின்று பார்க்கவைத்தார்கள். குழியில் விழுந்த அடிகளில், நன்றாக ஆடுகிறவர்கள் 71 சதவீதத்திலிருந்து 80க்கு ஏறினார்கள். சுமாரானவர்கள் 36இலிருந்து 25க்கு இறங்கினார்கள். பார்த்த கண்கள் அதே கண்கள்தான்.

(சொந்த ஊர் அணி அதிகம் ஜெயிப்பதில் நடுவருக்கும் பங்கு உண்டு. கூட்டத்தின் இரைச்சல் காதில் விழுந்தால் அவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக ஃபவுல் கொடுப்பது குறைகிறது. அது வேறு கதை.)

நம்ம ஊர் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸில் கூட்டம் உதவுகிறதே என்று கேட்பீர்கள். டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் வரை ஓடும் வருஷங்களில் நான் பாலி ஷார்ட்ஸ் மேட்டில் உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கோடு நிற்பேன். ஓடுகிறவர் நெஞ்சில் எண்ணோடு பெயரும் இருக்கும். ஒருமுறை ஒருவர் தலையைத் தொங்கப் போட்டு நடந்து வந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து சிரித்தார், கிழங்கை வாங்கிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் கூட்டம் முடிந்த இடத்தில், கடைசிக் குடையைத் தாண்டியதும், மறுபடி நடை.

ஓடுவது அவர் காலுக்கு ஆயிரம் தடவை பழகிய வேலை, அதனால் எங்கள் சத்தம் ஐம்பது அடிக்காவது அவரைத் தூக்கிவிட்டது. உங்கள் பையனுக்குப் பெனால்டி இன்னும் பாதி பழக்கம்தான். வீட்டுக்குப் பின்னால் எட்டு போகிறது என்றால், அது யாரும் பார்க்காத எட்டு.

அதனால் போகாமல் இருக்காதீர்கள். பின்கட்டில் அவன் பழகும்போதே போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு கோலுக்குப் பின்னால் கூச்சல் போடச் சொல்லுங்கள். முதல் வாரம் எட்டு மூன்றாகும், பையன் கோபித்துக்கொள்வான், விடாதீர்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. தாராளமாகக் கத்தட்டும், பெயரைச் சொல்லிக் கத்தட்டும். "பார்த்து அடி" மட்டும் வேண்டாம். காதில் விழுந்ததும் அவன் தன் காலைப் பார்க்கிறான், தானாக நடக்க வேண்டிய வேலையை நடுவில் நிறுத்தி யோசிக்கிறான். படி இறங்கும்போது "பார்த்து இறங்கு" என்று யாராவது சொன்னால் உங்கள் அம்மாவுக்கே கால் தடுமாறும், கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா