ஃபாரின் கம்பெனி வந்தா சின்ன தொழில் பொழைக்குமா?

கேள்வி: வெளிநாட்டு முதலீடு வந்தா வேலை வரும், டெக்னாலஜி வரும்னு அரசாங்கங்க சொல்லுது. சின்ன தொழில் எல்லாம் காலின்னு வியாபாரிங்க சொல்றாங்க. எது சார் நிஜம்?

பதில்: ரெண்டு பேரும் பாதியத்தான் சொல்றாங்க. வர்றவன் உங்க தொழிலையே பண்ண வர்றானா, இல்ல உங்ககிட்ட சரக்கு வாங்க வர்றானா, அத மொதல்ல பாருங்க.

உங்க தொழிலையேன்னா அடிதான். வெனிசுவேலா ஃபேக்டரிங்களோட 1976லேர்ந்து 1989 வரைக்குமான கணக்க வெச்சு ஏய்ட்கன், ஹாரிசன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க பண்ண ஆய்வு 1999ல வந்துச்சு, ஒரு துறையில ஃபாரின் பணம் கூடக்கூட அதே துறை உள்ளூர் ஃபேக்டரிங்களோட உற்பத்தித்திறன் குறைஞ்சிருக்கு. ஆர்டர் அந்தப் பக்கம் போயிடுது, ஆனா வாடகையும் மெஷின் லோனும் அப்படியேதான நிக்கும், பாதி ஆர்டருக்கு முழு செலவு.

சரக்கு வாங்க வந்தா கதை வேற. ஐரோப்பாவுல இருக்கற லித்துவேனியாவ வெச்சு யாவோர்சிக்ங்கற பொருளாதார ஆய்வாளர் 2004ல எழுதினதுல, ஃபாரின் கம்பெனிங்களுக்கு சப்ளை பண்ற துறைங்க நல்லா முன்னேறியிருக்கு. ஆனா ஒண்ணு, உள்ளூர் பார்ட்னரும் சேர்ந்த கம்பெனிங்களாலதான் அந்த லாபம், முழுக்க ஃபாரின்காரன் கையில இருந்ததுல அது தெரியல. ரிப்பன் வெட்டுறப்ப இதெல்லாம் யாரு சொல்றா!

சப்ளையர் ஆனா மட்டும் நிம்மதியான்னா அதுவும் இல்ல. சரக்க இறக்கிட்டு பில் போட்டா காசு வர 60 நாள் 90 நாள் ஆகும், அதுவரைக்கும் கூலிக்கும் மூலப்பொருளுக்கும் நீங்கதான் வட்டிக்கு வாங்கிப் போடணும், நடுவுல ரெண்டு பெட்டி ரிஜெக்ட்னு திருப்பி அனுப்பினா கெடைக்க வேண்டிய லாபம் அதுலயே போச்சு. என்னைக் கேட்டா போட்டியவிட இந்தப் பண நெருக்கடிதான் சின்ன ஆளுங்கள அதிகமா சாய்க்குது.

நல்லா நடந்ததுக்கு ஒரு உதாரணம் பங்களாதேஷ். 1970கள் கடைசியில அந்த ஊர் கம்பெனி தேஷ் கார்மென்ட்ஸ், தென் கொரியாவோட தேவூ கம்பெனிகூட ஒப்பந்தம் போட்டு 130 பேர அங்க டிரெயினிங் அனுப்புச்சு, கத்துக்கிட்டு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அப்புறம் வெளிய போயிட்டாங்க, சில பேர் சொந்தமா ஆரம்பிச்சாங்க, மத்தவங்க புதுசா வந்த கார்மென்ட் கம்பெனிங்கள்ல சேர்ந்தாங்க. ஆனா வெறும் டிரெயினிங்கால மட்டும் அது நடக்கல. எக்ஸ்போர்ட் ஆர்டரோட எல்சிய, அதாவது காசு வந்துரும்னு வாங்கறவனோட பேங்க் குடுக்கற உத்தரவாதக் கடிதத்த, காட்டியே துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்சி வாங்கிக்கலாம், அந்தத் துணிக்கு வரியும் கட்ட வேண்டாம்னு அரசாங்கம் வழி பண்ணிக் கொடுத்துச்சு, அதனாலதான் கையில முதல் இல்லாதவனும் ஆர்டர் எடுக்க முடிஞ்சுது.